ரெஃப்ரி தப்பு பண்ணினா டிக்கெட் யார் பக்கம்? 2026 காலேஜ் ஃபுட்பால் சீசனும் ஸ்ப்ரெட்டும்

#1 சனிக்கிழமைக்காரன்

புது அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் சீசனுக்கு இழை திறக்கச் சொல்லி ஆளாளுக்கு கேட்டுட்டு இருந்தீங்க, திறந்தாச்சு. (புதுசா வர்றவங்களுக்கு: டிக்கெட்னா வெச்ச பந்தயம். ஸ்ப்ரெட், அதாவது லைன், பலமான டீம் (ஃபேவரிட்) எத்தனை புள்ளிக்கு மேல ஜெயிக்கணும்னு பந்தயக் கம்பெனி போடற எண்.) ஆனா முதல்ல பழைய பாக்கியை முடிச்சுக்குவோம்.

2025 செப்டம்பர் 20, ஓக்லஹோமா–ஆபர்ன். இரண்டாவது குவார்ட்டர்ல ஓக்லஹோமா ரிசீவர் (பாஸ் பிடிக்கிறவர்) ஐசேயா சடெக்னா வெளியே போற மாதிரி சைடுலைன் பக்கம் ஒதுங்கி நின்னார். யாரும் அவரைக் கவனிக்கல. ஸ்னாப் ஆனதும் (பந்து ஆட்டத்துக்கு வந்ததும்) ஓடிப்போய் டச் டவுன் (ஆறு புள்ளி; அதுக்கப்புறம் உதைச்சா எக்ஸ்ட்ரா பாயிண்ட் ஒண்ணு, பந்தை எண்ட் ஸோனுக்குக் கொண்டு போனா ரெண்டு). அது தப்பான ஆட்டம், ஃபிளாக் (குற்றம்னு காட்ட நடுவர் வீசற துணி) விழுந்திருக்கணும்னு என்.சி.ஏ.ஏ (காலேஜ் விளையாட்டு அமைப்பு) நடுவர் ஒருங்கிணைப்பாளர் ஸ்டீவ் ஷாவே அப்புறம் சொல்லிட்டார். ஆட்டம் 24–17னு முடிஞ்சது. வித்தியாசம் ஏழு. நடுவர் தலைவரே தப்புன்னு ஒத்துக்கிட்ட பிறகு ஆபர்ன் பக்கம் காசு வெச்சவங்களுக்கு ஏன் திருப்பித் தரக்கூடாது? இந்த மாதிரி ஆபத்தை 2026ல எப்படிக் கணக்குல எடுத்துக்கறது?

#2 கோட்டுநடுவர்

விதியில் இருந்து ஆரம்பிக்கிறேன். ஆள் மாற்றுவது போல் பாசாங்கு செய்து எதிரணியை ஏமாற்றக்கூடாது. செய்தால் விளையாட்டு நாகரிகம் மீறிய குற்றம், 15 யார்டு பெனால்டி. விதி தெளிவாகத்தான் இருக்கிறது. சிக்கல் அதைப் பார்க்கிற ஆளிடம். களத்தில் எட்டு நடுவர்கள். ஸ்னாப்புக்கு முந்தைய சில நொடிகளில் ஓர நடுவர் தன் பக்கத்து ரிசீவர் கோட்டில் இருக்கிறாரா, உள்ளே வந்தவர் வெளியே போனவர் கணக்கு சரியா, ஃபால்ஸ் ஸ்டார்ட் (ஸ்னாப்புக்கு முன்பே நகர்வது) இருக்கிறதா என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். "அவர் போகிற மாதிரி நடித்தார்" என்பது நோக்கம் பற்றிய முடிவு. நோக்கம் பற்றிய முடிவு எதுவும் ரிப்ளேக்கு (வீடியோ மறுபரிசீலனைக்கு) போகாது. அதனால் களத்தில் ஃபிளாக் விழவில்லை என்றால் மேலே டிவி முன் உட்கார்ந்திருப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது.

ரிப்ளேக்குப் போவது: பிடித்தாரா இல்லையா, கோட்டுக்குள்ளா வெளியிலா, பந்து கோல்கோட்டைத் தாண்டியதா, முட்டி தரையில் பட்ட பிறகு பந்து நழுவியதா, பாஸ் முன்னோக்கியா பின்னோக்கியா, களத்தில் எத்தனை பேர், டார்கெட்டிங் (தலையைக் குறிவைத்து மோதுவது போன்ற ஆபத்தான மோதல்). போகாதது: ஹோல்டிங் (எதிராளியைப் பிடித்து நிறுத்துவது), பாஸ் இண்டர்ஃபியரன்ஸ் (பாஸ் பிடிக்க விடாமல் தடுப்பது), பின்னாலிருந்து தள்ளியது. சனிக்கிழமை ராத்திரி சண்டை போடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைக்காகத்தான்.

#3 அரைப்புள்ளி

காசு கேள்விக்கு நான் வர்றேன். ஸ்போர்ட்ஸ்புக் (பந்தயக் கம்பெனி, சுருக்கமா புக்) பந்தயத்தைத் தீர்க்கிறது ஸ்கோர்போர்டை வெச்சு. ஆட்டம் முடிஞ்சு அறிவிச்ச ஸ்கோர்தான் கணக்கு. அப்புறம் வர்ற அறிக்கை, மன்னிப்பு, நடுவர் சஸ்பென்ஷன், வெற்றியையே ரத்து பண்றது எதுவும் டிக்கெட்டைத் தொடாது. எல்லா புக்கோட விதிப்பக்கத்திலும் ஏதோ ஒரு வார்த்தையில இது இருக்கும். சில நிறுவனங்கள் விளம்பரத்துக்காக போனஸ் காசா திருப்பித் தருவாங்க. அது அவங்க இஷ்டம், உரிமைன்னு கேட்க முடியாது.

இது நமக்கும் நல்லதுதான். 1940ல கார்னெல் டார்ட்மத்தை 7–3னு ஜெயிச்சது. ஜெயிச்ச டச் டவுன் ஐந்தாவது டவுன்ல (டவுன்னா ஒரு முயற்சி, நாலுதான் உண்டு) வந்ததுன்னு ஃபிலிம்ல தெரிஞ்சதும் வெற்றியை விட்டுக் கொடுத்தாங்க. பதிவுல டார்ட்மத் 3–0. அந்த மாதிரி ரெண்டு நாள் கழிச்சு ஸ்கோர் மாறினா டிக்கெட்டும் மாறணும்னா, ஜெயிச்ச காசை எப்ப எடுப்பீங்க? 1990ல கொலராடோ மிசூரிகிட்ட அதே ஐந்தாவது டவுன்ல 33–31 ஜெயிச்சது, விட்டுக் கொடுக்கவும் இல்லை. ஒரே தப்பு, ரெண்டு பல்கலைக்கழகம், ரெண்டு முடிவு. புக் இதை எதை வெச்சுத் தீர்க்கும்?

அப்புறம், ஓக்லஹோமா ஆட்டத்துல எல்லாரும் சடெக்னாவையே பேசறாங்க. கடைசியைப் பாருங்க. ஓக்லஹோமா பிந்தின டச் டவுனால 22–17 முன்னாடி போச்சு, வித்தியாசம் 5. அதுக்கப்புறம் ஆபர்ன் குவார்ட்டர்பேக்கை (பாஸ் வீசறவர்) அவங்க எண்ட் ஸோன்லயே (கோல்கோட்டுக்குப் பின்னால இருக்கற பகுதி) சாக் பண்ணி (பந்தோட சாய்ச்சு) சேஃப்டி, ரெண்டு புள்ளி. 24–17. ஆட்டத்தை யார் ஜெயிச்சாங்கங்கிறதை அந்த ரெண்டு புள்ளி பெருசா மாத்தல. ஆனா 5 ஏழாச்சு. 6.5 கொடுத்து ஓக்லஹோமா எடுத்தவருக்கு அதுவரை தோல்வி, அந்த நொடியில வெற்றி. 7ல எடுத்தவருக்கு தோல்வி போய் புஷ், வெச்ச காசு அப்படியே திரும்ப வரும். 7.5ல எடுத்தவருக்கு ஒண்ணும் மாறல. அந்த சேஃப்டியில சர்ச்சையே கிடையாது, சுத்தமான ஆட்டம். டிக்கெட்டைப் புரட்டிப் போட்டது அதுதான்.

#4 சனிக்கிழமைக்காரன்

சரி, ஆனா அந்த டச் டவுன் கணக்குல வராம போயிருந்தா 24ல ஏழு போய் 17–17. கணக்கு அவ்வளவுதானே?

#5 கோட்டுநடுவர்

அப்படிக் கழிக்க முடியாது. ஃபிளாக் விழுந்திருந்தால் ஓக்லஹோமா பந்தை இழந்திருக்காது. பின்னால் 15 யார்டு தள்ளிப் போய் அதே டிரைவை (பந்து கையில் இருக்கும் முயற்சிகளின் தொடர்) தொடர்ந்திருக்கும். அங்கிருந்து மறுபடி டச் டவுன் அடிக்கலாம், ஃபீல்டு கோல் (உதைத்து மூன்று புள்ளி) அடிக்கலாம், பண்ட் செய்யலாம் (பந்தை எதிரணிக்கு உதைத்து விடலாம்). அந்த இடத்து டிரைவுக்குச் சராசரியாக இரண்டோ மூன்றோ புள்ளி வரும். எனவே தப்பின் விலை ஏழு இல்லை, நான்கோ ஐந்தோ. அதற்குப் பிறகு நடந்ததும் மாறியிருக்கும்; கடைசியில் இரண்டு புள்ளி முயற்சிக்கு அவர்கள் போனதே ஸ்கோர் அப்படி இருந்ததால்தான்.

#6 வரவுசெலவு

இந்த இழையில் நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: ஆட்டத்தை மாற்றிய தீர்ப்பும் ஸ்ப்ரெட்டை மாற்றிய தீர்ப்பும் வேறு வேறு. ஊரே திட்டிய தீர்ப்புகளை எடுத்து டிக்கெட்டோடு ஒட்டிப் பாருங்கள்.

2003 ஜனவரி 3, ஃபியஸ்டா பௌல், ஓஹியோ ஸ்டேட்–மயாமி. முதல் ஓவர்டைம், மயாமி 24–17 முன்னிலை. ஓஹியோ ஸ்டேட்டின் நாலாவது டவுன் பாஸ் கீழே விழுந்துவிட்டது, மயாமி வீரர்கள் கொண்டாட ஆரம்பித்துவிட்டார்கள். சற்றுத் தாமதமாக நடுவர் டெர்ரி போர்ட்டர் பாஸ் இண்டர்ஃபியரன்ஸ் ஃபிளாக் வீசினார். இரண்டாவது ஓவர்டைமில் ஓஹியோ ஸ்டேட் 31–24 வென்று சாம்பியன். இருபது வருஷத்துக்கு மேலாகியும் மயாமிக்காரர்கள் அடங்கவில்லை. ஆனால் மயாமி பதினொன்றரை புள்ளி ஃபேவரிட். ஃபிளாக் விழாவிட்டால் மயாமி ஏழு புள்ளியில் வென்றிருக்கும். ஏழு பதினொன்றரையைத் தாண்டாது. ஓஹியோ ஸ்டேட் பக்கம் ஸ்ப்ரெட் எடுத்தவர் ஃபிளாக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வென்றவர்தான். மாறியது மணிலைனும் (யார் ஜெயிப்பார் என்ற பந்தயம்) டோட்டலும் (இரு டீமின் மொத்தப் புள்ளி மேல் பந்தயம்): 41இல் நின்றிருக்க வேண்டிய மொத்தப் புள்ளி 55 ஆனது.

2016 செப்டம்பர் 10, ஓக்லஹோமா ஸ்டேட்–சென்ட்ரல் மிஷிகன். 27–24 முன்னிலையில் ஓக்லஹோமா ஸ்டேட், நாலாவது டவுன், நேரத்தைக் கரைக்க குவார்ட்டர்பேக் பந்தைத் தூர வீசினார். நேரம் பூஜ்யம். இண்டென்ஷனல் கிரவுண்டிங் (பிடிக்க ஆளில்லாத இடத்தில் வேண்டுமென்றே வீசுவது) ஃபிளாக். அந்தக் குற்றத்துக்கு டவுன் இழப்பும் சேர்ந்து வருவதால் ஆட்டத்தை நீட்டக்கூடாது, அங்கேயே முடிந்தது என்பதுதான் விதி. நடுவர்கள் நேரமில்லாத ஒரு டவுனைக் கொடுத்துவிட்டார்கள். சென்ட்ரல் மிஷிகனின் கூப்பர் ரஷ் வீசிய நீளப் பாஸை ஒருவர் பிடித்து இன்னொருவருக்குத் தள்ளிவிட, டச் டவுன், 30–27. அப்பட்டமான விதிப் பிழை. களத்தில் இருந்தது எம்.ஏ.சி லீகின் நடுவர் குழு, ரிப்ளே அறையில் பிக் 12 லீகின் குழு. இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் வந்தது. ஓக்லஹோமா ஸ்டேட் இரண்டு டச் டவுனுக்கும் மேல் ஃபேவரிட். மூன்றில் வென்றிருந்தாலும் அந்த ஸ்ப்ரெட் செத்ததுதான்.

#7 அரைப்புள்ளி

அருமை வரவுசெலவு சார். இதுல ஒண்ணு சேர்த்துக்கறேன். அந்த 30–27ல எக்ஸ்ட்ரா பாயிண்ட் ஏன் இல்லைன்னு கவனிச்சீங்களா? 24+6=30, அவ்வளவுதான். 2015 அக்டோபர் 31 மயாமி–டியூக்கும் அதே ஸ்கோர், அதே காரணம். கிக்கை மயாமி எட்டு லேட்டரல் (பின்பக்கமாக் கைமாத்தறது) போட்டுத் திருப்பி ஓடி நேரம் முடிஞ்ச பிறகு டச் டவுன், 30–27. (அதுல ஒரு வீரரோட முட்டி பந்து கையில இருக்கும்போதே தரையில பட்டுச்சு, பின்னாலிருந்து தள்ளினதை விட்டாங்க, பெஞ்சுல இருந்த ஆள் களத்துக்குள்ள ஓடி வந்தார். ரிப்ளே அத்தனை நேரம் பார்த்தும் மாத்தல. ஏ.சி.சி லீக் மொத்தக் குழுவையும் ரெண்டு ஆட்டத்துக்கு நிறுத்தி வெச்சது.)

காலேஜ் விதி இது: நாலாவது குவார்ட்டர் நேரம் முடியும்போது வர்ற டச் டவுனுக்கு, எக்ஸ்ட்ரா பாயிண்டால முடிவு மாற வாய்ப்பு இருந்தாத்தான் முயற்சி உண்டு. மூணு புள்ளி முன்னாடி போயிட்டா முயற்சி கிடையாது. ஒண்ணு இல்ல ரெண்டு புள்ளி முன்னிலைன்னா உண்டு, ஏன்னா எதிரணி அந்தப் பந்தைப் பிடிச்சு மறுமுனைக்கு ஓடினா அவங்களுக்கு ரெண்டு. அந்த நேரத்துல முன்னாடி இருக்கிறவங்க பெரும்பாலும் முட்டி போட்டுடுவாங்க, உதைக்க மாட்டாங்க. உங்க டிக்கெட்டுக்கு அந்த ஒரு புள்ளி வேணும்னா கிடைக்காது. –3.5 எடுத்துட்டு "இன்னும் எக்ஸ்ட்ரா பாயிண்ட் இருக்கே"ன்னு காத்துட்டு இருக்காதீங்க.

#8 ரெண்டாம்பாதி

ஓவர்டைம்லயும் அப்படித்தானா?

#9 அரைப்புள்ளி

ஆமா, அங்க இன்னும் கறார். எதிரணியோட 25 யார்டு கோட்டுல இருந்து ஆளுக்கொரு தடவை. ரெண்டாவதா ஆடறவங்க முந்தின உடனே ஆட்டம் முடிஞ்சது. முதல் ஆள் ஒண்ணும் எடுக்கலைன்னு வைங்க: ரெண்டாவது ஆள் ஃபீல்டு கோல் அடிச்சா வித்தியாசம் 3, டச் டவுன்னா 6. முதல் ஆள் ஃபீல்டு கோல், ரெண்டாவது ஆள் டச் டவுன்னா 3. முதல் ஆள் டச் டவுனும் எக்ஸ்ட்ரா பாயிண்டும் எடுத்து எதிராளி ஒண்ணும் எடுக்கலைன்னா 7. எதிராளியும் டச் டவுன் அடிச்சு ரெண்டு புள்ளிக்குத் துணிஞ்சா எப்படிப் பார்த்தாலும் 1. அதனால 7.5 கொடுத்த ஃபேவரிட் ஓவர்டைமுக்குப் போயிட்டா டிக்கெட் ஏறக்குறைய செத்தது.

2021ல இருந்து ரெண்டாவது ஓவர்டைம்ல டச் டவுன் அடிச்சா ரெண்டு புள்ளிக்குப் போயே ஆகணும். மூணாவதுல இருந்து டிரைவே கிடையாது, மாத்தி மாத்தி ரெண்டு புள்ளி முயற்சி மட்டும். நடைமுறையில வித்தியாசம் 2க்கு மேல போகாது. மூணாவது ஓவர்டைம் தொடங்கினதும் –2.5 கொடுத்தவர் டிவியை அணைச்சுட்டு தூங்கலாம். 2021 அக்டோபர் 23 இலினாய்–பென் ஸ்டேட் ஒன்பது ஓவர்டைம் போய் 20–18. புது விதி இல்லாத 2018ல டெக்சாஸ் ஏ அண்ட் எம்–எல்.எஸ்.யு ஏழு ஓவர்டைம், 74–72. டோட்டல் பந்தயம் வைக்கிறவங்க இந்த ரெண்டு ஸ்கோரையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா போதும்.

#10 மட்டுறுத்துநர்

இடையில் ஒரு குறிப்பு. இந்தியாவிலிருந்து படிப்பவர்கள்: 2025 ஆகஸ்டில் நிறைவேறிய ஆன்லைன் கேமிங் சட்டப்படி காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்கு நாடு முழுக்கத் தடை. அமெரிக்காவில் 2018 மே 14 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். நியூ ஜெர்சி, நியூ யார்க்கில் உள்ளூர் காலேஜ் டீம்கள் மேல் பந்தயம் வைக்க முடியாது. ஓஹியோ 2024இல் காலேஜ் வீரர்களின் தனிப்பட்ட புள்ளிகள் மேல் வைக்கும் பந்தயத்தை நிறுத்தியது. ஆப் இணைப்பு, "உறுதியான டிப்" எல்லாம் போட்டால் பதிவு நீக்கப்படும்.

#11 ரெண்டாம்பாதி

எல்லாம் சரி. ஆனா எஸ்.இ.சி (ஜார்ஜியா, ஆபர்ன் ஆடற லீக்) நடுவர்கள் பெரிய டீமுக்கு சாதகம்னு சொல்றதுல உண்மையே இல்லையா? 2025 அக்டோபர் 11 ஜார்ஜியா–ஆபர்ன். ஆபர்ன் 10–0 முன்னாடி, முதல் பாதி முடியப் போகுது, ஒரு யார்டுல இருந்து குவார்ட்டர்பேக் ஜாக்சன் ஆர்னால்ட் முட்டித் தள்றார். பந்து கோட்டைத் தாண்டினது எனக்குத் தெரியுது. ஃபம்பிள்னு (பந்து கையை விட்டு நழுவிடுச்சுன்னு) கொடுத்தாங்க. ஜார்ஜியா அப்படியே போய் ஃபீல்டு கோல். 17–0 ஆக வேண்டியது 10–3. கடைசியில 20–10 ஜார்ஜியா.

#12 கோட்டுநடுவர்

"எனக்குத் தெரியுது" என்பது ரிப்ளே அளவுகோல் இல்லை. களத்தில் சொன்னதை மாற்ற வேண்டுமென்றால் மறுக்க முடியாத படம் வேண்டும். அதுவும் ஒரே ஃபிரேமில் இரண்டு விஷயம்: பந்தின் முனை கோட்டுத் தளத்தைத் தொட்டிருக்க வேண்டும், அப்போது பந்து அவர் பிடியில் இருக்க வேண்டும். கோல்கோட்டுக்கு நேராக இருக்கும் கேமராவில் கோடு தெரியும், பிடி தெரியாது, ஏனென்றால் நடுவில் இருபது உடல்கள். பின்பக்கக் கேமராவில் பிடி தெரியும், கோடு சாய்ந்து தெரியும். களத்தில் டச் டவுன் என்று சொல்லியிருந்தாலும் அதே படங்களை வைத்து மாற்றியிருக்க முடியாது என்பதுதான் என் கணிப்பு. இதுபோன்ற ஆட்டத்தில் முதலில் கை தூக்கியவர் யாரோ அவர் சொன்னதே கடைசி வார்த்தை.

2025 முதல் ரிப்ளே முடிவை "நிலைநிறுத்தப்பட்டது", "மாற்றப்பட்டது" என்ற இரண்டில் ஒன்றாக மட்டும் அறிவிக்கிறார்கள். முன்பு "உறுதி செய்யப்பட்டது", "அப்படியே நிற்கிறது" என்று பிரித்துச் சொன்னார்கள். அந்தப் பிரிவு போனது எனக்குப் பிடிக்கவில்லை. நடுவர் சொன்னது சரி என்று படம் காட்டியதா, அல்லது படமே போதவில்லையா என்று பார்ப்பவனுக்கு இனி தெரியாது.

சாதகம் பற்றி: தலைகீழ் உதாரணங்களும் உண்டு. 2006 செப்டம்பர் 16, ஓரெகன்–ஓக்லஹோமா. ஆன்சைடு கிக்கை (உதைத்த அணியே திரும்ப எடுக்கப் பார்க்கும் குட்டி உதை, பத்து யார்டு போன பிறகே அவர்கள் தொடலாம்) ஓரெகன் வீரர் பத்து யார்டுக்கு முன்பே தொட்டார், பந்தும் கடைசியில் ஓக்லஹோமா கையில்தான் இருந்தது. இரண்டையும் விட்டுவிட்டு ஓரெகனுக்குக் கொடுத்தார்கள். 34–33. பெரிய பெயர் ஓக்லஹோமா, அடி வாங்கியதும் அதுவே. ஓரெகனின் லீகான பேக்–10இன் நடுவர் குழுவை ஒரு ஆட்டத்துக்கு நிறுத்தினார்கள்.

#13 வரவுசெலவு

சாதகம் உண்டா இல்லையா என்று தேடுவதைவிட, அது விலையில் ஏற்கெனவே இருக்கிறதா என்று கேளுங்கள். சொந்தக் களத்துக்கு லைனில் இரண்டு, இரண்டரை புள்ளி சேர்க்கிறார்கள். கூட்டத்தின் சத்தம், பயணக் களைப்பு, ஐம்பது ஐம்பது தீர்ப்புகளில் உள்ளூர் பக்கம் சாய்வது எல்லாம் அதற்குள் அடங்கியதுதான். மறுபடி தனியாகச் சேர்த்தால் ஒரே பொருளுக்கு இரண்டு தடவை காசு கொடுக்கிறீர்கள்.

நம் கையில் இருப்பது எண்ணும் விலையும் மட்டும். –110 என்றால் 100 வெல்ல 110 வைக்க வேண்டும். நஷ்டமில்லாமல் இருக்கவே 52.38 சதவீதம் ஜெயிக்க வேண்டும். காலேஜில் ஆட்டங்கள் அதிகம் முடியும் வித்தியாசம் 3, அடுத்தது 7. என்.எஃப்.எல்லில் (தொழில்முறை லீக்) மூன்று இன்னும் அதிகம். காலேஜில் எண்கள் சிதறிக் கிடக்கும், ஏனென்றால் ஆட்டங்கள் பல ஒருதலைப்பட்சம்.

அரைப்புள்ளி வாங்கும் கணக்கு. –3.5ஐ –3 ஆக்க புக் கூடுதல் விலை கேட்கும். அந்த அரைப்புள்ளியால் கிடைப்பது ஒன்றுதான்: சரியாக மூன்றில் முடிந்தால் தோல்விக்குப் பதில் புஷ். விலை –110இலிருந்து –120 ஆனால், வெற்றி வாய்ப்பு 48 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, (0.909 – 0.833) × 0.48 = சுமார் 3.6 சதவீதம். அந்த ஃபேவரிட் சரியாக மூன்றில் வெல்லும் வாய்ப்பு அதைவிட அதிகம் என்றால் வாங்கலாம். –130 என்றால் எல்லை 6.7 சதவீதம், லைன் மூன்றை ஒட்டி இருக்கும் ஆட்டத்திலும் இது கத்திமுனைதான். 5, 9, 12 மாதிரி எண்களைச் சுற்றி அரைப்புள்ளி வாங்குவது வீண் செலவு. அதைவிட இரண்டு மூன்று புக்கில் லைனை ஒப்பிட்டால் அதே அரைப்புள்ளி பல சமயம் இலவசமாகக் கிடைக்கும்.

#14 சனிக்கிழமைக்காரன்

லைவ் பந்தயத்துல (ஆட்டம் ஓடறப்போ வைக்கறது)? 2024 அக்டோபர் 19 ஜார்ஜியா–டெக்சாஸ் ஞாபகம் வருது. டெக்சாஸோட ஜாடே பாரன் இண்டர்செப்ட் பண்ணி (எதிராளி பாஸைப் பிடிச்சு) ஜார்ஜியா 9 யார்டு வரைக்கும் ஓடிட்டார். பாஸ் இண்டர்ஃபியரன்ஸ் ஃபிளாக். ஆஸ்டின் கூட்டம் பாட்டில் வீச, களத்தை சுத்தம் பண்ற நேரத்துல நடுவர்கள் கூடிப் பேசி ஃபிளாக்கை எடுத்துட்டாங்க. அடுத்து டச் டவுன், 23–15.

#15 அரைப்புள்ளி

அந்த ஆட்டம் 30–15 ஜார்ஜியா. ஃபேவரிட் டெக்சாஸ், பதினைஞ்சுல தோத்துச்சு. ஸ்ப்ரெட் டிக்கெட்டுக்கு அந்த ஃபிளாக் ஒரு பொருட்டே இல்லை. (பாட்டில் வீசினதுக்கு டெக்சாஸுக்கு 2,50,000 டாலர் அபராதம்.)

லைவ்ல வேற கதை. ஃபிளாக் விழுந்ததும் புக் சந்தையை மூடிடும். அறிவிப்பு வந்ததும் திறக்கும். திறந்த பிறகு நடுவர் மனசு மாறினா, பழைய நிலவரத்துல ஏத்துக்கின டிக்கெட்டை "வெளிப்படையான பிழை"ன்னு ரத்து பண்ற உரிமை அவங்க விதியிலயே இருக்கு. எந்தப் பக்கம் போகும்னு உங்களால சொல்ல முடியாது. உங்க டிவி படம் வேற களத்தைவிட பல நொடி பின்னாடி. நடுவர்கள் கூடிப் பேசறப்போ, ரிப்ளே ஓடறப்போ லைவ்ல கை வைக்காதீங்க.

#16 ரெண்டாம்பாதி

சரி, சண்டை போதும். 2026 பத்திப் பேசலாமா? எஸ்.இ.சி லீகுக்குள்ள ஒன்பது ஆட்டத்துக்குப் போகுது. வின் டோட்டல் (ஒரு டீம் சீசன்ல எத்தனை ஜெயிக்கும்ங்கிற பந்தயம்) என்ன ஆகும்?

#17 வரவுசெலவு

இதுதான் இந்த வருஷத்தின் பெரிய விஷயம். 16 டீம், எட்டு ஆட்டம் என்றால் லீகுக்குள் 64 ஆட்டம். ஒன்பது என்றால் 72. கூடுதலாக எட்டு ஆட்டம், எட்டு தோல்வி கட்டாயம் யாரோ வாங்கியாக வேண்டும். தள்ளிவிட்டது பெரும்பாலும் காசு கொடுத்துக் கூப்பிடும் சின்ன டீம் ஆட்டம். நடுத்தர டீமுக்கு 95 சதவீத வெற்றி போய் 50 சதவீதம் வருகிறது: 0.45 வெற்றி குறைவு. மேல்மட்ட டீமுக்கு 95 போய் 75, இழப்பு 0.2. அடிமட்டத்துக்கு 90 போய் 30, இழப்பு 0.6. ஆக எல்லா டீமுக்கும் அரை வெற்றி குறைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், இழப்பு கீழே போகப் போகக் கூடும். அடிமட்ட டீமின் எண்ணைப் போன வருஷத்தோடு ஒப்பிட்டு "மலிவு" என்று எடுப்பவர்கள் அடி வாங்குவார்கள். ஒன்பது என்பதால் சிலருக்கு லீக் ஆட்டம் ஐந்து சொந்தக் களத்தில், சிலருக்கு நாலு, அதையும் பாருங்கள்.

செய்முறை: 12 ஆட்டத்துக்கும் உங்கள் கணிப்பில் ஒரு லைன் போடுங்கள். லைனை வாய்ப்பாக மாற்றுங்கள்: 3 புள்ளி ஃபேவரிட் ஏறக்குறைய 57 சதவீதம், 7 என்றால் 70, 10 என்றால் 77, 14 என்றால் 85, 21 என்றால் 94. பன்னிரண்டையும் கூட்டினால் எதிர்பார்க்கும் வெற்றி எண். 8.1 வந்து புக் 8.5 வைத்திருந்தால் உடனே அண்டர் (அந்த எண்ணுக்குக் கீழே; மேலே என்றால் ஓவர்) பக்கம் ஓடாதீர்கள், விலையைப் பாருங்கள். ஓவர் –140, அண்டர் +115 (100 வைத்தால் 115 லாபம்) என்றால் உள்ளே இருக்கும் வாய்ப்பு 58.3ம் 46.5ம் சதவீதம், கூட்டினால் 104.8. புக்கின் பங்கைக் கழித்தால் ஓவருக்கு 55.6 சதவீதம் என்று சந்தை சொல்கிறது. உங்கள் கணிப்பு அதிலிருந்து நாலைந்து சதவீதமாவது விலகினால்தான் கை வைக்கலாம். லீக் இறுதி ஆட்டமும் பிளேஆஃபும் (சாம்பியனைத் தீர்மானிக்கும் சுற்று) வின் டோட்டலில் சேராது. ஆகஸ்டில் வைத்த காசு நவம்பர் கடைசி வரை முடங்கும், அதுவும் செலவுதான்.

#18 ரெண்டாம்பாதி

சீசனுக்கு முந்தின ரேங்கிங்கை நம்பலாமா?

#19 கோட்டுநடுவர்

2025ஐ மட்டும் பாருங்கள். முதலிடம் டெக்சாஸ், பிளேஆஃபுக்கே வரவில்லை. இரண்டாமிடம் பென் ஸ்டேட். ஓரெகனிடம் ஓவர்டைமில் தோற்று, அடுத்த வாரம் அதுவரை ஒரு வெற்றிகூட இல்லாத யு.சி.எல்.ஏவிடம் 24.5 புள்ளி ஃபேவரிட்டாக இருந்து 42–37 தோற்றது. அக்டோபரிலேயே பயிற்சியாளரை அனுப்பிவிட்டார்கள். கிளெம்சன் நாலாமிடம், ஆறு தோல்வி. இண்டியானா இருபதாவது இடத்தில் ஆரம்பித்து 16–0 சாம்பியன்.

#20 அரைப்புள்ளி

அதுக்குக் காரணமும் இருக்கு, வருஷா வருஷம் ஆளுங்க டீம் மாறறாங்க. டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (காலேஜ் மாற வீரர்கள் பேர் கொடுக்கற பட்டியல்) இப்போ ஜனவரி 2 முதல் 16 வரைக்கும் ஒரே ஒரு தடவைதான் திறக்கும், வசந்த காலத்துல திறந்தது போயிடுச்சு. அதனால ஜனவரி கடைசியிலேயே ரோஸ்டர் (டீமோட வீரர் பட்டியல்) ஏறக்குறைய தெரிஞ்சிடும். முன்னாடி மே வரைக்கும் காத்திருக்கணும். சீக்கிரம் படிக்கிறவங்களுக்கு இது லாபம். ரோஸ்டரைப் பார்க்கறப்போ வீரர்களுக்குப் போடற நட்சத்திர மதிப்பீட்டை விட்டுட்டு மூணு விஷயம் பாருங்க: குவார்ட்டர்பேக் அதே பயிற்சியாளரோட ரெண்டாவது வருஷமா, ஆஃபென்சிவ் லைன்ல (குவார்ட்டர்பேக்கைக் காக்கற முன்வரிசை) எத்தனை பேர் சேர்ந்து ஆடினவங்க, கிக்கர் யார். மூணாவதை எல்லாரும் மறந்துடறாங்க. மூணு புள்ளியில முடியற ஆட்டம் இவ்வளவு இருக்கறப்போ கிக்கரை எப்படி மறக்கறீங்களோ!

சீசன் ஓடறப்போ வீரர் நிலவர அறிக்கை (யார் ஆடுவாங்க, யார் ஆட மாட்டாங்கன்னு லீக் சொல்றது). எஸ்.இ.சி ஆட்டத்துக்கு மூணு நாள் முன்னாடி ஆரம்பிச்சு தினமும் புதுப்பிக்கும், கடைசி அறிக்கை ஆட்டத்துக்கு 90 நிமிஷம் முன்னாடி. பிக் டென் ரெண்டு மணி நேரம் முன்னாடி. ஏ.சி.சி, பிக் 12 ரெண்டும் 2025ல சேர்ந்தாச்சு. எஸ்.இ.சி அறிக்கை லீக் ஆட்டங்களுக்குத்தான். வெளி லீக் ஆட்டம் நிறைஞ்ச செப்டம்பர்ல அறிக்கையை மட்டும் நம்பிக் காத்திருந்தா ஏமாறுவீங்க. சனிக்கிழமை காலையில லைன் சட்டுனு ரெண்டு புள்ளி நகர்ந்தா யாருக்கோ ஏதோ தெரிஞ்சிருக்குன்னு அர்த்தம், துரத்திப் போய் மோசமான எண்ல எடுக்காதீங்க.

#21 வரவுசெலவு

ஒரு சின்ன எச்சரிக்கை, தனிவீரர் பந்தயம் அனுமதித்த மாநிலங்களில் இருப்பவர்களுக்கு. காலேஜில் சாக் ஆன யார்டு குவார்ட்டர்பேக்கின் ஓட்டக் கணக்கில் கழியும். என்.எஃப்.எல்லில் அப்படி இல்லை. 60 யார்டு ஓடிய ஆள் நாலு சாக்கில் 28 இழந்தால் கணக்கு 32. 45க்கு மேல் எடுத்தவர் புக்கைத் திட்டிப் பயனில்லை.

#22 சனிக்கிழமைக்காரன்

கடைசியா ஒண்ணு. செப்டம்பர் 12 ஓஹியோ ஸ்டேட் டெக்சாஸோட ஆட ஆஸ்டினுக்கு வருது. போன வருஷம் கொலம்பஸ்ல 14–7. லைன் 2.5ல நின்னா எடுக்கறதா, காத்திருக்கறதா?

#23 அரைப்புள்ளி

எந்தப் பக்கம்னு முதல்ல முடிவு பண்ணுங்க. ஃபேவரிட் பக்கம்னா 2.5ஐப் பார்த்த உடனே எடுத்துடுங்க, மூணாச்சுன்னா நீங்க கொடுத்த அரைப்புள்ளிதான் அந்த விளையாட்டிலேயே விலை உசந்த அரைப்புள்ளி. அண்டர்டாக் (பலம் குறைஞ்ச டீம்) பக்கம்னா அவசரமே இல்லை, மூணு வர்ற வரைக்கும் சும்மா இருங்க. வரலைன்னா மணிலைன் விலையைப் பாருங்க, ரெண்டரைக்கும் மணிலைனுக்கும் நடுவுல இருக்கறது ஒண்ணு, ரெண்டுல முடியற ஆட்டங்கள் மட்டும்தான். ஓவர்டைம் போனா என்ன ஆகும்னு #9ல இருக்கு.